நிலாவைப் படமெடுக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

டெலிபோட்டோ லென்ஸ் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நிலாவைச் சுற்றியே இருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இந்த முறை பதில் சொல்கிறோம். செட்டிங் எண்கள் எல்லாம் தொடங்குவதற்கான இடம்தான். ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு உங்கள் வானத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

கேனான் கேமராவும் 55-250 லென்ஸும் வைத்திருக்கிறேன். ஆட்டோவில் எப்படி எடுத்தாலும் நிலா வெறும் வெள்ளை வட்டமாகத்தான் விழுகிறது. கேமராவில் கோளாறா?
— வாசகர், விருதுநகர்

கேமரா சரியாகத்தான் வேலை செய்கிறது, அளக்க வேண்டிய இடத்தை அளக்கவில்லை, அவ்வளவுதான். 250 மி.மீ.யில் உங்கள் சென்சார் பரப்பில் நூறில் ஒரு பங்குதான் நிலா. மீதி 99 பங்கும் கருப்பு வானம். மீட்டர் அந்தக் கருப்பைப் பார்த்துப் பதறி, ஷட்டரை அரை வினாடி, ஒரு வினாடி என்று திறந்துவைக்கிறது. நிலா பர்ன் ஆகிவிடுகிறது.

இரவில் தெரிவதால் நிலாவை இருட்டுப் பொருள் என்று எண்ணிவிடுகிறோம். அது நேர் வெயிலில் கிடக்கும் பாறை. அதன் மேல் விழும் வெளிச்சத்தில் 100க்கு 12 பங்கு போலத் திரும்பி வருகிறது. தேய்ந்த தார் ரோடு திருப்பி அனுப்பும் அளவு. ஆகவே பகல் வெயில் செட்டிங்தான் இதற்கும். டயலை எம் (மேனுவல்) மோடுக்குத் திருப்புங்கள். ஐ.எஸ்.ஓ 100, எஃப் 8, 1/200 வினாடி. உயரத்தில் இருக்கும் பௌர்ணமி நிலாவுக்கு இது ஏறத்தாழ அப்படியே பொருந்தும். படக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் விதி இன்னும் சுருக்கம்: எஃப் 11 வைத்து, ஐ.எஸ்.ஓ எண் எதுவோ அதையே ஷட்டர் வேகமாக வை (ஐ.எஸ்.ஓ 100 என்றால் 1/100).

பிறை மெலிய மெலிய இது மாறும். அரைநிலாவின் மொத்த வெளிச்சம் பௌர்ணமியில் பாதி என்று கணக்குப் போட்டால் தப்பு. பத்தில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுப் பக்கம் இருப்பதால் நிலாவின் தூசு வெளிச்சத்தை நேராக நம்மிடமே திருப்புகிறது. மற்ற நாட்களில் பள்ளங்களின் நிழல் அதில் நிறைய விழுங்கிவிடும். எஃப் 8, ஐ.எஸ்.ஓ 100லேயே நின்றால் அரைநிலாவுக்கு 1/50, நாலாம் ஐந்தாம் பிறைக்கு 1/25 வினாடி. ஷட்டர் அவ்வளவு மெதுவாக வேண்டாம் என்றால் ஐ.எஸ்.ஓவை 400க்கு ஏற்றுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. அடிவானத்துக்குப் பக்கத்தில் நிலா இருந்தால் இன்னும் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்ட வேண்டியிருக்கும்.

எடுத்ததும் ஹிஸ்டோகிராமை, அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடத்தை, பாருங்கள். வலது சுவரில் முட்டாமல் இருந்தால் போதும். திரையில் நிலா கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ரா ஃபைலில் (சென்சார் பார்த்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்துப்போன இடத்தை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது.

நிலா எடுக்க 300 மி.மீ. போதுமா, 600 வாங்க வேண்டுமா?
— வாசகி, நாகர்கோவில்

லென்ஸின் மி.மீ. எண்ணை 110ஆல் வகுங்கள். சென்சார் மேல் விழும் நிலாவின் விட்டம் அதுதான். 300 மி.மீ.க்கு 2.7 மி.மீ.; 600க்கு 5.5 மி.மீ. 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சி (சுமார் 23 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 0.0039 மி.மீ. அப்படியானால் 300இல் நிலாவின் குறுக்கே 700 பிக்சல், 600இல் 1,400 பிக்சல். போனில் பார்க்கவும் தபால் அட்டை அளவில் பிரிண்ட் போடவும் 700 தாராளம். சுவரில் மாட்டும் அளவுக்கு வேண்டும் என்றால்தான் 600. ஆனால் அந்தப் பணத்தைச் செலவழிக்கும் முன் நல்ல டிரைபாட் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடும் காலில் நிற்கும் 600ஐவிட அசையாத 300 தெளிவாக எடுக்கும்.

விலை குறைந்த 75-300 லென்ஸில் 2எக்ஸ் கன்வர்ட்டர் போடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும், ஆட்டோஃபோகஸ் திணறும், லென்ஸின் குறை இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும். கிராப் செய்துகொள்வதே மேல்.

நிகான் பி1000 கேமராவில் 3,000 மி.மீ. ஜூம் என்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் என் 70-300 வீண்தானே?
— வாசகர், ஆம்பூர்

அந்த 3,000 ஃபுல்ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கணக்கில் சொல்லும் எண். கண்ணாடியின் உண்மையான குவியத் தூரம் 539 மி.மீ.; சென்சார் மிகச் சிறியது. நிலாவின் பிம்பம் 4.9 மி.மீ. விழ, சென்சாரின் உயரமோ 4.6 மி.மீ.தான். முழு ஜூமில் முழுநிலா ஃபிரேமுக்குள் அடங்காது என்பதே அதனால்தான்.

எவ்வளவு நுணுக்கம் தெரியும் என்பதை ஜூம் எண்ணோடு கண்ணாடியின் வாயும் தீர்மானிக்கிறது. 539ஐ எஃப் 8ஆல் வகுத்தால் 67 மி.மீ. வாய். உங்கள் 300, எஃப் 5.6இல் 54 மி.மீ. வாய். பி1000 ஒரு படி முன்னால்தான் நிற்கிறது, பத்து மடங்கு முன்னால் இல்லை. 600 மி.மீ., எஃப் 6.3 லென்ஸுக்கு 95 மி.மீ. வாய் உண்டு, அது இரண்டையும் தாண்டும்.

டிரைபாடில் வைத்து, ஷட்டர் வேகமும் 1/125 வைத்துத்தான் எடுக்கிறேன். ஆனாலும் பெரிதாக்கிப் பார்த்தால் பள்ளங்களின் விளிம்பு குழைந்துபோய் இருக்கிறது. நிலா நகர்வதாலா?
— வாசகர், கோயம்புத்தூர்

நிலா நகர்வதில் பாதிப்பு மிகக் குறைவு. அது தன் விட்டத்தைக் கடக்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 300 மி.மீ.யில் ஒரு வினாடிக்கு ஐந்து பிக்சல் போல நகரும். 1/125 வினாடியில் அது கணக்கிலேயே வராது. குழைவுக்கு வேறு நான்கு காரணங்கள் உண்டு. வழக்கமாக ஒன்றுக்கு மேல் சேர்ந்தே இருக்கும்.

முதல் சந்தேகம் ஃபோகஸ். ரிங்கைக் கடைசி வரை திருப்பி, அதுதான் இன்ஃபினிட்டி என்று விட்டுவிடுபவர்கள் நிறைய. பெரும்பாலான ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் இன்ஃபினிட்டியைத் தாண்டியும் கொஞ்சம் திரும்பும்படி செய்யப்பட்டவை. சூடு குளிரில் கண்ணாடியும் குழாயும் விரிந்து சுருங்குவதற்கு விடும் இடைவெளி அது. லைவ் வியூவைப் போட்டு, நிலாவை 10எக்ஸ் பெரிதாக்கி, வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோட்டில் ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கையால் திருப்புங்கள். தெளிவைத் தாண்டி மங்கும் வரை போய்த் திரும்ப வாருங்கள். திரையில் நிலா வெள்ளையாகத் தெரிந்தால் முதலில் எக்ஸ்போஷரைக் குறையுங்கள், இல்லாவிட்டால் எதை வைத்து ஃபோகஸ் செய்வது? ஃபோகஸ் கிடைத்ததும் எம்.எஃப். சுவிட்சில் விட்டுவிட்டு ரிங்கைத் தொடாதீர்கள். ஜூமை அசைத்தால் மறுபடி முதலிலிருந்து.

இரண்டாவது ஆட்டம். விரலால் பட்டனை அழுத்தினாலே டெலி லென்ஸ் ஒரு வினாடிக்கு மேல் நடுங்கும். 2 வினாடி டைமர் வையுங்கள். பெரிய லென்ஸுக்கு 10 வினாடியே நல்லது. டி.எஸ்.எல்.ஆர். என்றால் லைவ் வியூவில் எடுங்கள் அல்லது மிரர் லாக்கப் (உள்ளே இருக்கும் கண்ணாடியை முன்பே தூக்கி நிறுத்துவது) போடுங்கள். மிரர்லெஸ் என்றால் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டன் (ஷட்டரின் முதல் திரை அசையாமல் படமெடுக்கும் வசதி). டிரைபாடின் நடுக்கம்பத்தை ஏற்றவே கூடாது. லென்ஸில் காலர் (டிரைபாடில் பூட்டும் வளையம்) இருந்தால் அதைத்தான் டிரைபாடில் பூட்ட வேண்டும், கேமராவை அல்ல. டிரைபாடில் நிற்கும்போது ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். இல்லாத ஆட்டத்தைத் தேடிப்போய் அதுவே ஆட்டத்தை உண்டாக்கும் லென்ஸ்கள் உண்டு. கழுத்துவார் காற்றில் படபடக்கும், அதையும் கழற்றிவையுங்கள்.

நம் ஊரில் நிலா தலைக்கு நேர் மேலே வருவதால் இன்னொரு தொல்லையும் உண்டு. லென்ஸை நிமிர்த்திப் பிடித்ததும் கண்ணாடியின் எடையில் ஜூம் குழாய் மெல்ல உள்ளே இறங்கும். ஐந்து படம் எடுத்துவிட்டு எண்ணைப் பார்த்தால் 300 இப்போது 260இல் நிற்கும். ஃபோகஸும் கூடவே போயிருக்கும். ஜூம் ரிங்கும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டுங்கள். இன்சுலேஷன் டேப் பசை விடும், அது வேண்டாம்.

மூன்றாவது அபெர்ச்சர். முழுக்கத் திறந்தால் விலை குறைந்த லென்ஸ்கள் மென்மையாகிவிடும். எஃப் 11ஐத் தாண்டி மூடினால் டிஃப்ராக்ஷன் (சிறு துளை வழியே போகும் ஒளி வளைந்து பரவுவது) விளிம்புகளைக் கரைத்துவிடும். எஃப் 8 பக்கத்தில் நில்லுங்கள்.

நான்காவதை யாரும் சந்தேகிப்பதில்லை: காற்று. பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடி ராத்திரி ஒன்பது பத்து மணி வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்தால் நிலாவின் விளிம்பு நெளிவது கண்ணுக்கே தெரியும். மாடிக்குப் பதிலாகப் புல் தரையில், மண் தரையில் நின்று எடுங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்கவே வேண்டாம். ஏ.சி. அறையிலிருந்து லென்ஸை வெளியே கொண்டுவந்தால் பனி படியும். பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். நிலா 45 டிகிரிக்கு மேல் ஏறிய பிறகு எடுத்தால் குறுக்கே வரும் காற்றும் குறையும். நட்சத்திரங்கள் பலமாக மின்னும் ராத்திரி நிலாவுக்கு உகந்ததல்ல.

பௌர்ணமியன்று எடுத்தால் நிலா தட்டையாக, ஸ்டிக்கர் ஒட்டியது போல இருக்கிறது. பள்ளம் மேடு எடுப்பாகத் தெரிய என்ன செய்வது?
— வாசகி, திண்டுக்கல்

பௌர்ணமியை விட்டுவிடுங்கள். பள்ளம் தெரிவதற்கு நிழல் வேண்டும். பௌர்ணமியன்று நிலாவுக்கு உச்சி வெயில், நிழலே கிடையாது. டைக்கோ பள்ளத்திலிருந்து புறப்படும் வெள்ளைக் கதிர்க்கோடுகளை எடுக்கத்தான் அந்த நாள் உதவும்.

மற்றபடி வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். ஒரு திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையே 12 டிகிரி விலகல். ஆகவே நிழல்கோடு இன்று நிலாவில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் திதியே சொல்லிவிடும், ஒரு நாள் முன்பின் இருக்கலாம். வளர்பிறை திருதியையில் கோடு கிழக்கு ஓரத்தில் மாரே கிரிசியம் சமவெளியைத் தொட்டுக்கொண்டிருக்கும். சஷ்டியில் தியோஃபிலஸ், 100 கி.மீ. அகலப் பள்ளம், அதன் நடுவில் உள்ள மலையின் உச்சி மட்டும் வெயிலில் மின்ன, தரை இருட்டில் கிடக்கும். அஷ்டமியின் நடுவில் சரிபாதி நிலா. அதை ஒட்டி அப்பெனைன் மலைத்தொடர் தெரியும், 300 மி.மீ.யிலேயே வளைந்த வெள்ளைக் கோடாகப் பிடிக்கலாம். நவமியில் தெற்கே டைக்கோவும் வடக்கே பிளாட்டோவும். தசமியில் கோப்பர்னிகஸ், 93 கி.மீ., படிப்படியாக இறங்கும் சுவர்களோடு. ஒரே ஒரு நாள்தான் முடியும் என்றால் நவமியைத் தேர்ந்தெடுங்கள்.

வளர்பிறை அஷ்டமி, நவமிக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. பொழுது சாயும்போதே நிலா உயரத்தில் நிற்கும், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். தேய்பிறையில் அதே இடங்களை எதிர்ப்பக்க வெயிலில் எடுக்கலாம், விடியற்காலை எழுந்தால்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குப் பின்னால் பெரிய நிலா எழுவது போல எடுக்க ஆசை. காவிரிப் பாலத்திலிருந்து முயன்றேன், நிலா கோபுரப் பக்கமே வரவில்லை.
— வாசகர், திருச்சி

வராது. பாலம் கோபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. நீங்கள் வடக்கே பார்த்து நிற்கிறீர்கள். நம் அட்சரேகையில் நிலா உதிக்கும் இடம் நேர் கிழக்கிலிருந்து வடக்கேயோ தெற்கேயோ அதிகம் போனால் 29 டிகிரி விலகும். எந்த மாதமும் வடக்கில் உதிக்காது. உதயத்தைக் கோபுரத்தோடு சேர்க்க வேண்டும் என்றால் நீங்கள் மேற்கே நிற்க வேண்டும்; அஸ்தமனம் என்றால் கிழக்கே.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? அதே 110தான். நீங்கள் நிற்கும் தூரத்தை 110ஆல் வகுத்தால், அந்தத் தூரத்தில் நிலா எத்தனை மீட்டர் அகலமாகத் தோன்றும் என்று தெரியும். 1.5 கி.மீ.யில் நின்றால் 13-14 மீட்டர். ராஜகோபுரம் சுமார் 72 மீட்டர் உயரம். நிலா அதில் ஐந்தில் ஒரு பங்காகத் தெரியும். நிலா கோபுரம் முழுவதற்கும் சமமாக வேண்டும் என்றால் கிட்டத்தட்ட 8 கி.மீ. தள்ளிப் போக வேண்டும். அந்தத் தூரத்தில் புழுதியும் புகையும் கோபுரத்தைக் காட்டாது. 1.5 கி.மீ., 300 மி.மீ., ஏ.பி.எஸ்.-சி, கேமராவை நெட்டாகப் பிடித்தால் கோபுரம் முழுதும் அடங்கும். கலசம் மட்டும் போதும் என்பவர்கள் கிட்டே வரலாம். 3 மீட்டர் உயரப் பொருளை நிலாவுக்குள் அடக்க 330 மீட்டர் தூரம் போதும்.

காலண்டரில் போட்டிருக்கும் உதய நேரத்துக்கு நிலா கோபுரத்தின் தலையில் இருக்காது. அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் உச்சி அடிவானத்துக்கு மேல் இரண்டே முக்கால் டிகிரியில் நிற்கிறது. அவ்வளவு ஏற நிலாவுக்குப் பன்னிரண்டு நிமிடம் போல ஆகும். அதற்குள் அது நேராக ஏறாமல் சாய்ந்து, தன் விட்டம் அளவு தெற்கே நகர்ந்திருக்கும். உதயத் திசையை மட்டும் வைத்து இடம் குறித்திருந்தால், கிழக்கே பார்த்து நிற்கும் நீங்கள் இடப்பக்கம் 14 மீட்டர் ஓட வேண்டியிருக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். போட்டோபில்ஸ், ஸ்டெல்லேரியம் போன்ற செயலிகளில் உதய நேரத்தைப் பார்க்காமல், நிலா 2.75 டிகிரி உயரத்தில் இருக்கும் நேரத்தின் திசையைப் பாருங்கள். ஓட இடமுள்ள திடலாகத் தேர்ந்தெடுங்கள், மாடி வேண்டாம்.

பௌர்ணமியன்றும் அதற்கு முந்தின நாளும்தான் வெளிச்சம் ஒத்துவரும். முந்தின நாள் சூரியன் மறையும் முன்பே நிலா வந்துவிடும், கோபுரத்தின் வண்ணமும் தெரியும். பௌர்ணமியன்று அஸ்தமனத்தை ஒட்டி உதிக்கும். சூரியன் மறைந்து பத்து, இருபது நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நம் பக்கம் அந்தி சீக்கிரம் கருத்துவிடும், அதற்குப் பிறகு கோபுரத்துக்குச் சரியாக வைத்தால் நிலா வெளுக்கும். ஃபோகஸைக் கோபுரத்தில் வையுங்கள். 300 மி.மீ., எஃப் 8இல் நிலாவின் விளிம்பு இரண்டு பிக்சல் அளவுக்குத்தான் மங்கும்.

அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிகிறதே, அப்போது எடுத்தால் படத்திலும் பெரிதாக வருமா?
— வாசகர், புதுச்சேரி

வராது, அது கண்மயக்கு. உச்சியில் இருப்பதைவிட அடிவானத்து நிலா நமக்கு ஒன்றரை சதவீதம் போலச் சிறியதுதான். பூமியின் ஆரம் அளவு கூடுதல் தூரத்தில் இருக்கிறது. காற்று அதன் அடிப்பாகத்தை நசுக்கி முட்டை வடிவமாகவும் ஆக்கிவிடும். ‘சூப்பர் மூன்’ என்பது மட்டும் நிஜமான வித்தியாசம்: தூரம் 3,56,500 கி.மீ.க்கும் 4,06,700 கி.மீ.க்கும் இடையே மாறுவதால், மிகச் சிறிய பௌர்ணமியைவிட மிகப் பெரியது 14 சதவீதம் அகலம். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

போனில் 100எக்ஸ் ஜூமில் எடுத்த நிலா என் டி.எஸ்.எல்.ஆர். படத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. எப்படி?
— வாசகி, ஈரோடு

அதில் ஒரு பகுதி லென்ஸ் பார்த்தது, மறு பகுதி மென்பொருள் சேர்த்தது. 2023இல் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் காட்டி, சாம்சங் போனால் எடுத்தபோது, மூலத்தில் இல்லாத நுணுக்கங்கள் படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு நுணுக்கத்தைக் கூட்டும் ஏ.ஐ. முறை இருப்பதை அந்த நிறுவனமே விளக்கியது. போன் கேமராவில் ‘சீன் ஆப்டிமைசர்’ என்ற செட்டிங்கை அணைத்தால் அது நின்றுவிடும். அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள், உங்கள் டி.எஸ்.எல்.ஆர். மேல் மரியாதை வரும்.

பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது எப்படி?
— வாசகர், சேலம்

நிலாவை நடுவில் வைத்து, 1/200 வினாடியில், தொடர்ச்சியாக 50, 60 ரா படங்கள் எடுங்கள். கணினியில் எல்லாவற்றுக்கும் ஒரே மாற்றம் கொடுத்து 16 பிட் டிஃப் ஆக்குங்கள். பிப் என்ற இலவச மென்பொருள் நிலாவை நடுவில் நிறுத்திச் சுற்றியுள்ள கருப்பை வெட்டித் தரும். பிறகு ஆட்டோஸ்டாக்கர்ட், அதுவும் இலவசம்தான். தெளிவின்படி படங்களை வரிசைப்படுத்தும். மேலே உள்ள பாதியை மட்டும் அடுக்கச் சொல்லுங்கள். 25 படம் அடுக்கினால் நாய்ஸ் (படத்தில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளிகள்) ஐந்தில் ஒரு பங்காகும். அடுக்கி வருவது பார்க்க மொழுக்கென்றுதான் இருக்கும், ஏமாற வேண்டாம். ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளின் வேவ்லெட் என்ற ஷார்ப் கருவியில் கொஞ்சம் கொஞ்சமாக ஷார்ப் செய்யும்போதுதான் நுணுக்கம் எழும். நிலாவின் ஓரத்தில் வெள்ளை வளையம் தோன்றினால் அளவு மீறிவிட்டது, பின்வாங்குங்கள்.

மூன்றாம் பிறையில் இருட்டுப் பக்கமும் லேசாகத் தெரிகிறது. அதை எடுக்க முடியுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

முடியும். பூமி மேல் பட்ட வெயில் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரும் வெளிச்சம் அது. லியனார்டோ டாவின்சி 1500களின் தொடக்கத்திலேயே காரணம் எழுதிவைத்திருக்கிறார். 200 மி.மீ., எஃப் 4, ஐ.எஸ்.ஓ 1600, அரை வினாடி. ஒரு வினாடிக்கு மேல் போனால் இங்கே நிலாவின் நகர்வு உண்மையாகவே படத்தை இழுக்கும். வெளிச்சப் பிறை பர்ன் ஆகத்தான் செய்யும். அதற்குத் தனியாக எஃப் 8, ஐ.எஸ்.ஓ 100, 1/25இல் ஒன்று எடுத்து இரண்டையும் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். அந்தப் பிரகாசமே அழகு என்பது எங்கள் கட்சி.

முழுச் சந்திர கிரகணத்துக்கு இதே செட்டிங்தானா?
— வாசகி, தஞ்சாவூர்

நிழல் பாதி மூடும் வரை வெளிச்சப் பக்கத்துக்கு வழக்கமான செட்டிங்கே போதும். முழுக்க மூடியதும் பத்து ஸ்டாப்புக்கு மேல் சரிந்துவிடும்: எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ 1600, ஒரு வினாடியில் தொடங்கி இரு பக்கமும் மாற்றி எடுங்கள். காற்றில் எரிமலைத் தூசு இருந்தால் இன்னும் கருக்கும். நீண்ட எக்ஸ்போஷர் என்பதால் 200 மி.மீ.க்கு இறங்குவது நல்லது. 2028 டிசம்பர் 31 இரவு வரும் முழுக் கிரகணம் இந்தியா முழுதும் தொடக்கம் முதல் கடைசி வரை தெரியும், 10.20 மணி வாக்கில் நடுக்கட்டம், நிலா நல்ல உயரத்தில் இருக்கும். நிலா இருட்டிய பிறகு லைவ் வியூவில் ஃபோகஸ் பிடிப்பது பெரும்பாடு. முன்பே பிடித்து டேப் ஒட்டிவிடுங்கள். மார்கழிப் பனியில் லென்ஸின் முன்கண்ணாடி ஈரமாகும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.